மாமாவின் வயிற்று லைன்

என் கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவரிடம் போய், "உங்க மருமகன் போட்ட பைப்புல தண்ணி கீழ இறங்காது, மேலதான் ஏறும்" என்றார் என் அக்கா புருஷன். பதினெட்டு வருஷமாயிற்று. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவர் கழிவுக் குழாய் வேலைக்காரர். நான் அவரிடம் கையாள். எந்த வீட்டில் அடைத்தாலும் கம்பி விட்டுக் குடைவார், வாளித் தண்ணீரை ஊற்றுவார், தொட்டி மூடியைத் திறப்பார். சர்ரென்று வந்தால் "லைன் க்ளியர்" என்று கையைக் கழுவிவிடுவார். வேறு எவனுக்கும் ஒன்றும் தெரியாது என்பதுதான் அவர் படித்த ஒரே படிப்பு.

அப்பேர்ப்பட்டவருக்குக் குடலில் கட்டி. ஆபரேஷனுக்கு முந்தின நாள் குடலைக் கழுவ நாலு லிட்டர் மருந்துத் தண்ணீர் கொடுத்தார்கள். "தெளிஞ்ச தண்ணியா போற வரைக்கும் குடிக்கணும்" என்று நர்ஸம்மா படித்துப் படித்துச் சொன்னார்.

மாமா ரெண்டு லிட்டரோடு நிறுத்தி, மீதியைக் கக்கூஸில் கொட்டினார்.

"என்ன மாமா இது?"

"முப்பது வருஷமா பாக்குறேன்டா மாப்ள. ஓட்டம் வந்துட்டா லைன் க்ளியர்."

காலையில் நர்ஸம்மா கேட்டார்: "கடைசியா என்ன நிறத்துல போச்சு?"

"நல்ல வேகமா போச்சும்மா."

"வேகத்தையா கேட்டேன்?"

அன்று ஆபரேஷன் ரத்து. மறுபடி நாலு லிட்டர், முதலிலிருந்து. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். இந்த முறை நானே பக்கத்தில் உட்கார்ந்து தம்ளர் தம்ளராக ஊற்றிக் கொடுத்தேன். சும்மா சொல்லக்கூடாது, எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் குடல் அசையவில்லை. நாலு நாளாகியும் காற்றுப் பிரியவில்லை. வயிறு உப்பிக்கொண்டே போனது. வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது. "நாளைக்கும் இப்படியே இருந்தா மூக்கு வழியா குழாய் விடணும். திரும்பத் திறந்து பாக்க வேண்டியும் வரலாம்" என்றார் டாக்டர். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நடந்தால் குடல் விழிக்கும் என்றார்கள். மனிதர் கட்டிலை விட்டு இறங்கினால்தானே!

"நடந்தா எப்படிடா காத்து வரும்?"

"மட்டமா கிடக்குற பைப்புல எது மாமா இறங்கும்? எழுந்திரிங்க."

முறைத்தார். எழுந்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் ஏழு நடை. எட்டாவதில் நின்றார். சத்தம் எனக்கும் கேட்டது.

காற்றுப் பிரிந்ததும் சொல்லச் சொல்லியிருந்த நர்ஸம்மா வார்டு வாசலிலேயே இருந்தார். ஊர்ச் சாக்கடையெல்லாம் திறந்து பார்த்த மனிதருக்கு அதைச் சொல்ல வெட்கம். மாமா என் காதோரம் குனிந்து ஓர் உதவி கேட்டார். அதற்குப் பிறகு இன்றுவரை என்னிடம் உதவி என்று எதுவும் கேட்டதில்லை.

"மாப்ள, நீ போய் சொல்லிடுடா. மெதுவா சொல்லு."