பிழை பொறுக்கச் சொல்லி ஒரு மனு

என் கணவரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது குடியரசு வந்த மறு வருஷம். காலை எட்டு மணி இருக்கும். விராலிமலையில் மெயின் ரோட்டை ஒட்டி எங்கள் வாடகை சைக்கிள் கடை. அவர் ஒரு சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார். ஏட்டையா வந்து, "கொஞ்சம் ஸ்டேஷன் வரைக்கும் வாங்க" என்றார். இவர் கையைத் துடைத்துக்கொண்டு, "உத்தரவு இருக்கா? காட்டுங்க" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போலீஸிடம் உத்தரவைக் காட்டச் சொல்கிற மனிதரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதைவிட ஆச்சரியம், ஏட்டையா சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நிஜமாகவே காட்டினார்.

அவர் ஒரு பத்திரிகைப் பைத்தியம். சமஸ்தானம் போய் நாங்கள் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த நாளிலிருந்தே அவருக்குத் தலைகால் புரியவில்லை. அரசியல் சட்டம் வந்ததும் அது இன்னும் முற்றிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால்கூட அதே பேச்சுதான்.

"இனிமே நெனச்ச மாத்திரத்துல ஆளைப் புடிச்சு உள்ள போட முடியாது புள்ள. சர்க்கார் எதுவரைக்கும் வரலாம்னு கோடு போட்டாச்சு. கோட்டுக்கு அங்கிட்டு அவங்க, இங்கிட்டு நாம. தாண்டி வந்தா காரணம் சொல்லணும்."

"கோடு யாரு போட்டது?"

"நாமதான்."

"நான் எப்பங்க போட்டேன்? எனக்கு மாவாட்டவே நேரம் பத்தல."

அவர் சிரிப்பார். நானும் அதை அதோடு விட்டுவிடுவேன். கோடு போடுவது எங்கள் வீட்டில் வாசலோடு சரி என்று நினைத்திருந்தேன்.

அன்று மத்தியானம் நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். அதற்குள் அவரைத் திருச்சிக்கு ஏற்றி அனுப்பிவிட்டார்கள். என்ன கேஸ், ஜாமீனுக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று ஏட்டையாவிடம் கேட்டேன். அவர் நல்ல மனிதர்தான். எங்கள் கடையில்தான் அவருடைய சைக்கிளுக்கும் காற்றடிப்போம். பாவம், அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

"கேஸ் ஒண்ணும் இல்லம்மா."

"கேஸ் இல்லைன்னா விட்டுருங்களேன்."

"கேஸ் இருந்தாத்தாம்மா ஜாமீன் கேக்கலாம். இது கேஸே இல்ல, அதனால ஜாமீனும் கெடயாது. அவரு தப்பு செஞ்சாருன்னு புடிக்கல. இனிமே செஞ்சிரக் கூடாதுன்னு புடிச்சிருக்கு."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். செய்த தப்புக்கு என்றால் காலில் விழலாம், இனிமேல் செய்யப்போகிற தப்புக்கு எந்தக் காலில் விழுவது? கேஸ் இருப்பவன் வெளியே வருவானாம், கேஸே இல்லாதவன் உள்ளே இருப்பானாம். கோடு கோடு என்று குதித்த மனிதரின் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டு வாரம் கழித்து ஜெயிலில் பார்க்க விட்டார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர், பக்கத்தில் ஒரு வார்டர். தாடி வளர்ந்திருந்தது, ஆனால் முகத்தில் ஒரு தெளிவு. அவரைப் பிடித்ததற்கான காரணங்களை எழுதி அவரிடமே கொடுத்திருந்தார்கள். அதை நகல் எடுத்து வைத்திருந்தார். வார்டரிடம் சொல்லிவிட்டு என்னிடம் நீட்டினார்.

மூன்று காரணங்கள் இருந்தன. கீரனூர்ச் சந்தையில் சர்க்காரின் கட்டாய நெல் கொள்முதலுக்கு எதிராக நடந்த கூட்டத்திற்கு ஆள்கள் போக சைக்கிள் கொடுத்தது, அதே கூட்டத்துத் துண்டுப் பிரசுரங்களைக் கடையில் வைத்திருந்தது, சர்க்காரைக் கவிழ்க்க வேண்டும் என்று கடைவாசலில் நின்று பேசியது. கடைசியில், இதற்கு எதிராக முறையிட்டுக்கொள்ள உமக்கு உரிமை உண்டு என்று எழுதியிருந்தது.

எனக்குத் தலை சுற்றியது. உள்ளே போடுகிறவனே காரணமும் சொல்லி, அது சரியில்லை என்றால் சண்டைக்கு வா என்று கூப்பிடுவானா? நிச்சயம் இதில் ஏதோ சூது இருக்கிறது என்றுதான் தோன்றியது.

"நான் பதில் எழுதிக் குடுத்துட்டேன்" என்றார். "மூணுக்கும் இல்லைன்னு எழுதிட்டேன். காசு குடுக்குறவனுக்குச் சைக்கிள் குடுக்குறேன், அவன் எங்க போறான்னு நான் ஏன் கேக்கணும்? மூணு பேரு உக்காந்து விசாரிப்பாங்களாம். வக்கீல் வரக் கூடாது, ஆனா நானே பேசலாமாம். நீ ஒண்ணும் செய்யாத, சும்மா இரு."

சும்மா இரு என்றால் இருக்கிற ஜாதியா நான்? திரும்பி வருகிற பஸ் முழுக்க எனக்கு ஒரே நினைப்புதான். சர்க்காரைப் பார்த்து மூன்று தடவை இல்லை என்று எழுதிய மனிதன் இந்த ஜென்மத்தில் வெளியே வருவானா?

என் அப்பா சமஸ்தான ஆபீஸில் நகல் எழுத்தர். கை நடுக்கம் வந்த பிறகு கடைசி நான்கு வருஷம் அவருக்காக மனுக்களை நகல் எடுத்தது நான். அதனால் மனு எழுதுவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. முதல் பத்தியில் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாவதில் சமூகத்தின், அதாவது மனுவைப் பார்க்கிற அதிகாரியின், கருணையைப் போற்ற வேண்டும். மூன்றாவதில்தான் கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும். குற்றம் செய்தாயா இல்லையா என்பது பேச்சே இல்லை. கண்மாய்த் தண்ணீர் வரவில்லை என்று கேட்கிற மனுகூட, அடியேன் அறியாமல் செய்த பிழைகளைப் பொறுத்தருளி என்றுதான் ஆரம்பிக்கும். உள்ளே போகும்முன் வாசலில் செருப்பைக் கழற்றுவது போல அது. செருப்பைக் கழற்றியவனைப் பார்த்து, இவன் காலில் அழுக்கு என்று எந்த அதிகாரியும் சொன்னதில்லை.

இரண்டு நாள் யோசித்தேன். யாருக்கு எழுதுவது என்பதே முதல் குழப்பம். ராஜா இல்லை. கோடு போட்ட நாம் எல்லாருக்குமா எழுத முடியும்? கடைசியில் மகாராஜராஜஸ்ரீ கலெக்டர் துரை அவர்கள் சமூகத்திற்கு என்று போட்டேன். மேற்படி மூன்று குற்றங்களையும் என் கணவர் அறியாமையால் செய்துவிட்டபடியால், ஏழைகளாகிய எங்கள் பிழையைப் பொறுத்து அவரை விடுதலை செய்யும்படி என்று எழுதினேன். அழகான எழுத்து. அடித்தல் திருத்தல் ஒன்று இல்லை. என் பெயரைக் கையெழுத்துப் போட்டு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

ஒரு மாதம் போலக் கழித்து, ஆவூர்ப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் கடைக்கு வந்தார். அதே கூட்டத்துக்காக என் கணவரோடு சேர்த்துப் பிடிக்கப்பட்டவர். இவரோடு ஒரே அறையில் இருந்தவர். ஆளை வெளியில் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவருக்குப் பின்னால் இன்னோர் ஆள் வருகிறாரா என்று ரோட்டை எட்டிப் பார்த்தேன்.

"நான் மட்டுந்தாம்மா வந்தேன்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சைக்கிள் மணியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நானும் எல்லாத்துக்கும் இல்லைன்னுதான் எழுதியிருந்தேன். ஆதாரம் பத்தாதுன்னு விட்டுட்டாங்க. அவரையும் விட்டிருப்பாங்க. நீங்க எழுதுன மனு அவரு பைல்ல இருந்துச்சும்மா. இவரே இல்லைங்கிறாரு, வீட்டுக்காரம்மா மூணும் செஞ்சாருன்னு எழுதியிருக்காங்களேன்னு கேட்டிருக்காங்க."

"அது மனுங்க. மனுன்னா அப்படித்தான் எழுதணும்" என்றேன்.

"நமக்குத் தெரியும். விசாரிச்ச மூணு பேருக்கும் அது தெரியாதே."

அவருக்கு மோர் கொடுத்தேனா இல்லையா என்பது இப்போது ஞாபகம் இல்லை. ஒரே ஒரு கேள்விதான் என்னைக் குடைந்தது. மனு பொய் என்று என் கணவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே, ஏன் சொல்லவில்லை? வாத்தியாருக்கு அது தெரியவில்லை. இவர் விசாரணை முடிந்து வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாராம்.

அடுத்த வாரம் திருச்சிக்குப் போனேன். பஸ்ஸிலேயே எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டேன். நான் எழுதியதெல்லாம் பொய், வழக்கத்துக்காக எழுதினேன் என்று இன்னொரு மனு கொடுத்துவிட வேண்டியது. ஆனால் அந்த மனுவையும் பிழை பொறுத்தருளி என்றுதான் மனசுக்குள் ஆரம்பித்தேன். வேறெப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றவர் நான் வாயைத் திறக்கும் முன்பே, "எழுத்து நல்லாயிருந்துச்சு" என்றார். நான் அழுதுவிட்டேன்.

"அது பொய்யின்னு சொல்லியிருக்கலாமே. என்னதாங்க சொன்னீங்க?"

"என் சம்சாரம் பொய் எழுத மாட்டான்னு சொன்னேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் வார்டர் நிற்பதுகூட மறந்துபோனது. "ஒங்களுக்கென்ன பைத்தியமா? நாந்தான் ஒண்ணும் தெரியாதவ. நீங்க எல்லாம் தெரிஞ்சவருல்ல?"

அவர் வார்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சர்க்காருக்குப் பொய் மனு எழுதினதுக்கு ஒன்னையும் புடிச்சு உள்ள வச்சிட்டா?"

"காரணமில்லாமப் புடிக்க முடியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. கோடு போட்டிருக்கு, தாண்ட மாட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க."

"சொன்னேன்."

"அப்புறம்?"

அவர் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நகத்தில் இன்னமும் சைக்கிள் எண்ணெய்க் கறுப்பு போகாமல் இருந்தது. கம்பியைப் பிடித்திருந்த அந்த விரல்களையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது எனக்குன்னு நெனச்சு நம்பினது புள்ள. ஒனக்குன்னு வந்தப்ப நம்பத் தைரியம் வரல."

வார்டர் நேரம் ஆகிவிட்டது என்றார். இரண்டாவது மனுவை எழுத வேண்டாம் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அவர் உள்ளே போனார். அவரை உள்ளே வைக்கப் போட்ட ஒரு வருஷ உத்தரவு முடிய இன்னும் பத்து மாதம் இருந்தது. பத்து மாதமும் உள்ளேதான் இருந்தார்.