மகளின் நோன்பும் நடுங்காத கையும்

யுத்தம் முடிந்த இந்த வருடத்தில்தான் றஹீமா சாச்சி மௌத்தானார். என் உம்மாவின் தங்கை. இறந்துபோன அவரை நினைத்தால் சுனாமிக்குப் பிந்திய அந்த நோன்புகள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன.

அவருக்கு ஒரே மகள், றுஸ்தா. காய்ச்சலால் ரமழானில் சில நோன்புகள் விடுபட்டிருந்தன. ஹஜ்ஜுப் பெருநாள் முடியப் பிடிப்பதாகச் சொல்லியிருந்தாள். அதற்குள் கடல் வந்து அவளைக் கொண்டுபோனது. மகளுக்காக உம்மா பிடிக்கலாம் என்று மார்க்கம் கற்ற ஆலிம் சொன்னதும், சாச்சி முகாம் கூடாரத்திலேயே நோன்பு பிடிக்கத் தொடங்கினார்.

இதயத்துக்கு அட்டெனலோல் குளிசையை அவர் பல வருடமாகக் குடித்துவந்தார். முகாமுக்கு வந்த வேறொரு வைத்தியர், சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருப்பதைக் கண்டு அதற்கும் குளிசை கொடுத்திருந்தார். ஒன்றைக் கொடுத்தவருக்கு மற்றது தெரியாது. சாச்சி இரண்டையும் விடியுமுன் ஸஹர் சாப்பாட்டோடு விழுங்கினார்.

சீனி இறங்கினால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், உடனே நோன்பைத் திறந்துவிடு என்று பக்கத்துக் கூடாரத்து உம்மு எச்சரித்திருந்தார். அவரும் சீனி வருத்தக்காரி. அதனால் சாச்சி பின்னேரங்களில் கையை நீட்டிப் பார்ப்பார். அது அசையாது. முதுகு மட்டும் நனைந்திருக்கும். கூடாரத்து வெக்கை என்று நினைத்துக்கொள்வார்.

ஒருநாள் அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூ செய்யப் போன இடத்தில் சரிந்துவிட்டார். நினைவு முற்றாகத் தப்பியிருக்கவில்லை. உம்மு சீனித்தண்ணீர் பருக்கி, ஆட்களைக் கூட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

"எண்ட கை நடுங்கவே இல்லியே, டொக்டர்."

"அம்மா, இதயக் குளிசை நடுக்கத்தையும் படபடப்பையும் மறைச்சிரும். வேர்வைய மறைக்காது. உங்களுக்கு வேர்த்ததுதான் அடையாளம்."

அதற்காக இதயக் குளிசையைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, நோவுக்கோ சளித் தடிமனுக்கோ இழுப்புக்கோ எதை வாங்கினாலும் இதைச் சொல்லித்தான் வாங்க வேண்டும் என்றார் அந்த வைத்தியர். இப்போதைக்கு நோன்பு பிடிக்கவே வேண்டாம், வேளைக்கு வேளை சாப்பிட வேண்டும் என்றும் சொன்னார்.

"அப்ப எண்ட மகள்ற நோன்பு?"

"அது எனக்குத் தெரியாதம்மா. நீங்க இருந்தாத்தானே ஏதும் செய்யலாம்."

நோன்பு ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு அரிசி ஏழைக்குக் கொடுத்தாலும் போதும் என்றார் ஆலிம். உம்மு நிவாரண அரிசி மூட்டையைக் காட்டினார். சாச்சி மறுத்துவிட்டார். தனக்குத் தர்மமாக வந்ததை எடுத்து மகளின் கடனைத் தீர்க்க அவருக்கு மனம் வரவில்லை.

அருகிலிருந்த நற்பிட்டிமுனையில் அப்போது அறுவடை. அறுத்த வயல்களில் சிந்திய கதிர்களைப் பொறுக்கப் போனார். அந்த வெயிலில் எல்லோருக்கும் வேர்க்கும். அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே அடையாளமும் அங்கே உதவாது. ஆகவே எந்த அடையாளத்துக்கும் காத்திராமல், வைத்தியர் சொன்னபடி வேளைக்கு வேளை வரம்பில் உட்கார்ந்து சாப்பிட்டார். பசியில்லாதபோதும் சாப்பிட்டார். கதிர் அறுக்க வந்த செல்லத்தங்கம் அதைப் பார்த்துச் சிரித்தாள்.

"பொறுக்கினதவிடத் திண்டதுதான் கூட, ராத்தா."

"ஓம் புள்ள. திண்டாத்தான் எண்ட மகள்ற கடன் தீரும்."

விஷயத்தைக் கேட்டறிந்த பிறகு செல்லத்தங்கம் சிரிக்கவில்லை. அவள் அறுத்த பக்கத்தில் கதிர்கள் கொஞ்சம் கூடுதலாகவே சிந்திக் கிடந்தன.

நெல்லைக் குத்திப் புடைத்து, முகாமில் ஆதரவற்ற ஒவ்வொருவராகப் பார்த்துச் சாச்சி கொடுத்தார். கடைசி அளவை அவர்களில் ஒருவரான உம்முவின் சுளகில் கொட்டினார்.

"றுஸ்தாட நோன்ப அல்லாஹ் ஏத்துக்கட்டும், கபூலாகட்டும்," என்றார் உம்மு.

சாச்சி ஆமீன் சொல்லிவிட்டு, மகள் போனபின் முதல் தடவையாக அவர் தோளில் சாய்ந்து அழுதார்.