முற்றத்துப் புல்

எங்கள் பக்கத்தில் வீட்டு முற்றத்தில் புல் நின்றால், அந்த வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். வெள்ளறடைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். வீட்டுக்குப் பின்னால் ரப்பர் தோட்டம் காடாகக் கிடக்கும், மரச்சீனி விளையைக் காட்டுப்பன்றி உழுதிருக்கும், அதெல்லாம் பரவாயில்லை. முன் முற்றத்தில் மட்டும் ஒரு புல் தலைகாட்டக் கூடாது. செம்மண்ணில் வாரியலால் பெருக்கிய வரிகள் தெரிந்தால்தான் அது குடும்பம் நடக்கும் வீடு. இப்பேர்ப்பட்ட ஊரில் என் வீட்டுக்காரர் முற்றத்தில் புல் நட்டார், அதையும் காசு கொடுத்து வாங்கி.

அவர் வளைகுடாவில் தோட்ட வேலை பார்த்தவர். கல்யாணமான நாளிலிருந்து அவர் அங்கே, நான் இங்கே. மழையே காணாத மணலில், யாரோ ஒரு பணக்காரர் வீட்டைச் சுற்றிப் பச்சைப்பசேலென்று புல் வளர்த்து, அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புவார். நான் மகளின் படத்தை அனுப்புவேன், பதிலுக்குப் புல் வரும். ஒருவழியாக எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வந்தவர், "இனி நமக்குண்ணு ஒரு லான்" என்றார். பெட்டியைப் பிரிப்பதற்குள் பழைய மேனேஜர் போனில் திரும்பக் கூப்பிடத் தொடங்கிவிட்டார். இவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "புல்லு பிடிக்கட்டு, பாக்கலாம்" என்றார். ஆக, அவர் என்னோடு இருப்பதும் போவதும் புல்லின் வேரில் தொங்கியது. நானும் வாயை மூடிக்கொண்டு ஹோஸைத் தூக்கினேன்.

மழை தொடங்கும் சமயத்தில், நர்சரியிலிருந்து பாய்போலச் சுருட்டிய புல் வந்து இறங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே தலையை நீட்டினார்.

"பசு வாங்கப் போறியளோ?"

"இல்ல, இது சும்மா பாக்குததுக்காக்கும்" என்றார் இவர். கேட்டவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

பாலைவனத்தில் பேர் எடுத்த நிபுணருக்கு மழை என்ற ஒன்று மறந்துபோயிருந்தது. அங்கே காலையும் மாலையும் தண்ணீர் விட்ட கை, இங்கே இடவப்பாதி மழை கொட்டும்போதும் சும்மா இருக்கவில்லை. குடை பிடித்துக்கொண்டு புல்லுக்குத் தண்ணீர் விட்ட மனிதர் இந்தத் தாலுகாவிலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். காலங்காலமாகத் தூத்துப் பெருக்கி இறுகிய மண்ணில் அந்தத் தண்ணீர் எங்கே இறங்கும்? வட்ட வட்டமாகப் பூஞ்சை பிடித்துப் புல் பழுத்தது. பிறகு கம்பியால் முற்றம் முழுக்கக் குத்தித் துளை போட்டார், ஓரத்தில் ஓடை வெட்டினார். கர்க்கடக மழையில் பெரிய ஆப்பிரிக்க நத்தைகள் குடும்பத்தோடு விருந்துக்கு வந்தன. உப்பைத் தூவினார். நத்தையும் செத்தது, புல்லும் செத்தது.

மழை விட்டதும் யூரியா. ரப்பருக்குப் போடுகிற தாராளத்தில் அள்ளி வீச, விழுந்த இடமெல்லாம் கருகி, முற்றம் தேமல் பிடித்த முதுகு மாதிரி ஆனது. பலா மரத்தின் நிழலிலோ புல் பிடிக்கவே இல்லை. அவர் பலாவை மேலும் கீழும் அளந்து பார்த்தார்.

"அந்த மரத்துல கை வச்சியண்ணா டிக்கெட்டு நானே எடுத்துத் தருவேன், கேட்டியளா" என்றேன். சொன்ன பிறகு எனக்கே பகீரென்றது.

மார்கழிக் குளிரில் புல் கொஞ்சம் முகம் தெளிந்தது. அந்தச் சந்தோஷத்தில் மொட்டையடித்த மாதிரி ஒட்ட வெட்டிவிட்டார். மாசி வெயில் வந்து வேரையே வறுத்தது. அப்புறம்தான் ஞானம் பிறந்தது. கோடையில் புல்லை உயரமாக விட வேண்டுமாம். கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் தெளிக்காமல், இடைவெளி விட்டு விடியலில் ஆழமாக நனைக்க வேண்டுமாம். கோரையைக் கிழங்கோடு தோண்டாவிட்டால் அது நம்மைத் தோண்டிவிடுமாம். கிணற்றில் தண்ணீர் இறங்கியபோது அரிசி களைந்த தண்ணீரைக்கூட அதற்கே கொடுத்தோம். நான் அதனோடு பேசவும் தொடங்கியிருந்தேன். "செத்துத் தொலைக்காதே" என்பதுதான் பேச்சு.

கோடைமழை பெய்ததும் புல் பிடித்தது. கேட்டுக்கு வெளியே நின்று பார்த்த கூரியர்காரர், வீட்டில் ஆளில்லை என்று பார்சலைத் திருப்பி அனுப்பிவிட்டார். அவ்வளவு அருமையான புல்! மேனேஜரின் போனும் விடாமல் வந்துகொண்டிருந்தது.

அப்போது மகள் வீட்டுக்கு ஒரு வாரம் போகவேண்டி வந்தது. குளத்தூரில் இருக்கும் அவருடைய அக்காவை வீட்டில் வந்து தங்கச் சொன்னோம். முழங்கால் வலியால் வெகுநாளாக இந்தப் பக்கம் வராதவர், எங்கள் லானைக் கண்டதில்லை. "முத்தத்துல வெள்ளம் ஊத்தணும் அக்கா" என்று இவர் போனில் சொன்னார். தண்ணீர் விடச் சொன்ன பிறகு, புல் உயிரோடு இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

திரும்பி வந்து கேட்டைத் திறந்தோம். முற்றம் பளிச்சென்று செம்மண்ணாக இருந்தது. ஒரு புல் இல்லை. அழகழகாக வாரியல் வரிகள். நடுவில் அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றார்.

"எலே மக்கா, என்னத்த புல்லு! நீ சொன்னதுபோல வெள்ளம் ஊத்துனேன். மண்ணு இளகிச்சா, சுளுவா பறிஞ்சு வந்துது."

இவர் குனிந்து ஒரு வேராவது மிஞ்சியிருக்கிறதா என்று தேடினார். அக்கா தொடர்ந்தார்.

"இத்தற வருசமும் இந்த வீட்டுல ஆம்பள இல்லேண்ணு நாலு பேரு பறஞ்சத கேட்டவ நானாக்கும். இப்ப நீ வந்தாச்சு. முத்தத்துல புல்லு கேறிக் கெடந்தா ஆளில்லாத வீடுண்ணுதானே ஆளுவ நினைப்பினும்? நீ இங்க உண்டுண்ணு ஊருக்குத் தெரியண்டாமா?"

அன்று சாயங்காலம் மேனேஜரின் போன் வந்தது. புல்லும் இல்லை, இனி இவரைப் பிடித்து வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அடுப்படியில் நின்று அழுதேன். போனை எடுத்துக்கொண்டு அவர் பின்பக்கம் போய்விட்டார். என்ன பேசினார் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

காலையில் வாரியல் சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். அக்காவாக இருக்கும் என்று நினைத்தேன். அக்கா உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வாசலுக்கு வந்தால் முற்றம் தூத்துச் சுத்தமாகக் கிடந்தது, இவர் வாரியலைப் பக்கத்தில் சாத்திவிட்டுப் படியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். புதிய வாரியல் வரிகளின் மேல் அவருடைய காலடிகள் மட்டும் பதிந்திருந்தன. படியிலிருந்து கேட் வரைக்கும் போய், அங்கிருந்து திரும்பி வந்திருந்தன.