எனக்கு முன்னால் கிளம்பிப் போன கோட்டு

போன ஞாயிற்றுக்கிழமை மருமகன் தன் புதுக் காரில் எங்களை ஏற்றிக்கொண்டு, பத்து காஜா ஊருக்குப் போகிற சாலையில் இருக்கிறதே பாழடைந்த மாளிகை, அங்கே கூட்டிப் போனார். ஒரு வெள்ளைக்காரத் துரை ஆசை ஆசையாகக் கட்ட ஆரம்பித்து, முடிக்கும் முன்பே கண்ணை மூடிவிட்டார். உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். மீதிப் பேர் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

மருமகன் எங்களைப் படிக்கட்டில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்.

"மாமா, இதுக்கு முன்ன இங்க வந்திருக்கீங்களா?"

"வந்திருக்கேன். ஜப்பான்காரன் காலத்துல. பிக்னிக்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். தமாஷ் பேர்வழி என்று பெயர் வாங்கியதில் இது ஒரு தொல்லை... உண்மையைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

ஆனால் போனோம். காரணம், மரவள்ளிக்கிழங்கு.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த அப்போது நான் கோப்பெங் பக்கத்தில் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா. அரிசி கண்ணில் படாத காலம். காலையில் மரவள்ளி, மத்தியானம் மரவள்ளி, சாயங்காலம் மத்தியானத்தில் மிஞ்சின மரவள்ளி. ஒருநாள் என் மனைவி மீனாட்சி தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: "இதையே வேற எடத்துல வச்சித் தின்னாலாவது ருசி மாறுதான்னு பாப்போம்."

இப்படித்தான் எங்கள் சுற்றுலா முடிவாயிற்று. துரை மாளிகையை அப்போது யாரும் சரித்திரச் சின்னம் என்று சொல்லவில்லை. கூரை போடாத வீடு, அவ்வளவுதான். சரித்திரம் அப்போது சாலை முச்சந்தியில் துப்பாக்கியோடு நின்றது.

அந்த முச்சந்திச் சாவடியைத் தாண்ட பாஸ் வேண்டும். வாங்கினேன். கிராணி, மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் - மாலை ஏழு மணிக்குள் திரும்ப வேண்டும். ஏன் ஏழு? ஏழு மணிக்குச் சாவடிக்கு ஒரு லாரி வரும். பாஸ் இல்லாமல் பிடிபட்ட ஆம்பளைகளை ஏற்றிக்கொண்டு போகும். எங்கே? சயாமுக்கு, ரயில் பாதை போட. எங்கள் எஸ்டேட்டிலிருந்து நெருப்புப்பெட்டி வாங்கப் போன ஒருவர் அப்படித்தான் சயாம் போனார். அவர் வீட்டில் அதற்குப் பிறகும் ரொம்ப நாள் சாயங்காலமானால் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

ஆகவே பாஸை என் கோட்டின் உள் பாக்கெட்டில் வைத்து, அரை மைலுக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தேன். மாளிகைக்குப் போனதும் வெயில் தாங்காமல் கோட்டைக் கழற்றிக் கிளையில் மாட்டினேன். மனிதன் எவ்வளவு நேரம்தான் எச்சரிக்கையாக இருப்பான்?

கோப்பெங் டவுனிலிருந்து மீனாட்சியின் தம்பி நடேசனும் வந்திருந்தான். டயருக்குப் பதில் ரப்பர் குழாய் சுற்றிய சைக்கிள். ஜப்பான் பாஷை வகுப்புக்குப் போகிற பையன். மடியில் ஒரு கைக்கடிகாரத்தை ஒளித்து வைத்திருந்தான். கையில் கட்டினால் சிப்பாய்கள் ஆசைப்படுவார்கள்.

கிழங்கு அடுப்பில் இருந்தது. நடேசன் மடியை அவிழ்த்து மணி பார்த்தான்.

"நாலாச்சு. ஞாயித்துக்கிழமை. நாலரைலேர்ந்து ஆறு ராகு காலம். ஆறுக்கு மேல கிளம்பலாம்க்கா."

மீனாட்சி நெருப்பை ஊதிக்கொண்டே கேட்டாள். "யாரோட ஆறு?"

இங்கே இளைய வாசகர்களுக்கு ஒரு விளக்கம். ஜப்பான்காரன் வந்ததும் நாட்டுக் கடிகாரங்களை எல்லாம் தோக்கியோ நேரத்துக்கு மாற்றினான். ஒன்றரை மணி நேரம் முன்னால். ராகு காலம் எவ்வளவு நேரம்? அதுவும் ஒன்றரை மணி. அதாவது, நாட்டையே சரியாக ஒரு ராகு காலம் தள்ளி வைத்துவிட்டான்.

"கடிகாரத்துல இருக்கிற ஆறு" என்றான் நடேசன்.

"சூரியன் தோக்கியோவுக்குப் போய் மணி கேட்டுட்டு வந்தா உதிக்குது? நம்ம பழைய நாலரைதான் ராகு காலம். இவனுங்க கடிகாரத்துல அது ஆறுலேர்ந்து ஏழரை."

"கடிகாரம் மாறுனா ராகுவும் மாறணும்லா."

"ராகு ஜப்பான்காரன்கிட்ட வேலை பாக்குதா?"

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். தம்பியின் ராகு காலம் நாலரை முதல் ஆறு. அக்காவின் ராகு காலம் ஆறு முதல் ஏழரை. ஒன்று முடிகிற இடத்தில் மற்றது ஆரம்பம். நடுவில் ஆள் நுழைய ஒரு நிமிஷம்கூட இல்லை. லாரி ஏழு மணிக்கு.

"இப்பவே போயிருவோமே" என்றேன்.

"கிழங்கு வேகல" என்றாள்.

எனக்கு ராகு காலத்தில் நம்பிக்கை கிடையாது. லாரியில் இருந்தது. இதை உரக்கச் சொல்ல நினைத்து, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு மாடிப்படி பார்க்கப் போய்விட்டேன். அந்தப் படி மேலே போய் ஆகாயத்தில் முடிந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

ஒருவழியாகக் கிழங்கு வெந்தது. தின்றோம். ருசி மாறவில்லை. ஆறு அடித்ததும் நடேசன் தன் ராகு காலம் முடிந்ததென்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் மீனாட்சியைப் பார்த்தேன். அவள் சட்டியைக் கழுவிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"போலாம்" என்றாள்.

"இப்போ உன் ராகு காலமாச்சே?"

"நாமதான் நாலேகாலுக்கே கிளம்பிட்டோமே. நீங்க மாடியில இருக்கிறப்ப நம்ம வண்டிக்காரர் பெருமாளு வெறகு ஏத்திக்கிட்டு எஸ்டேட்டுக்குப் போனாரு. பரஸ்தானம் வச்சிட்டேன். ரெண்டு ராகு காலத்துக்கும் முன்னாடியே."

பரஸ்தானம் தெரியுமல்லவா? நல்ல நேரத்தில் நாம் புறப்பட முடியாவிட்டால், நம் பொருள் ஒன்றை முன்னால் அனுப்பி வைப்பது. பொருள் கிளம்பினால் ஆள் கிளம்பின மாதிரி. பிறகு எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம், ராகு கேட்காது. அருமையான ஏற்பாடு. மனைவியின் புத்தியை மெச்சிக்கொண்டே கேட்டேன்:

"எதைக் குடுத்தனுப்பின?"

"உங்க கோட்ட."

"எந்தக் கோட்ட?"

"ஒரு கோட்டுதானே இருக்கு."

நான் உட்கார்ந்தேன். எழுந்தேன். கிளையைப் பார்த்தேன். கால்சட்டைப் பைகள் இரண்டிலும் கை விட்டுப் பார்த்தேன். ஒன்றில் அரைத் துண்டு கிழங்கு இருந்தது. பிறகு குடும்பத் தலைவன் என்ற முறையில், "யாரும் பயப்படாதீங்க" என்றேன். யாரும் பயப்படவில்லை. குழந்தைகள் தட்டான் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

சாவடியைச் சுற்றிக்கொண்டு போக ரப்பர் மரங்களுக்குள் ஒரு பாதை உண்டு. அந்த வழியே குனிந்து குனிந்து நடந்தோம். உண்மையில் நான் மட்டும்தான் குனிந்தேன். மரங்களின் ஓரத்திலிருந்து பார்த்தால் சாவடி தெரியும். பார்த்தேன்.

பெருமாள் வெயிலில் நின்றார். தலைக்கு மேல் இரண்டு கையாலும் ஒரு பெரிய கல். பக்கத்தில் வண்டி. மாடு புல் மேய்ந்துகொண்டிருந்தது. தடுப்புக் கம்பில் என் கோட்டு.

நடந்ததை ஊகிக்க அதிக மூளை வேண்டாம். சாவடிச் சிப்பாய் கோட்டைச் சோதித்திருக்கிறான். பாஸில் ஓர் ஆண், ஒரு பெண், இரண்டு குழந்தைகள். வண்டியில் ஓர் ஆள், ஒரு மாடு, விறகு. மீதிப் பேரை என்ன செய்தாய் என்று கேட்டிருப்பான். பெருமாள் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்?

இன்னும் நூறு அடி நடந்தால் எஸ்டேட் எல்லை. என்னை யாரும் பார்க்கவில்லை. ஏழு மணிக்கு லாரி வரும், பெருமாளை ஏற்றிக்கொண்டு போகும். மரத்துக்குப் பின்னால் நின்று யோசித்தேன். எவ்வளவு நேரம்? உங்களிடம் பொய் சொல்வானேன்... வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம்.

மீனாட்சி என் காதருகில் சொன்னாள். "அது உங்க கோட்டு."

போனேன். என் கால்கள் போன வேகத்தைப் பார்த்தால் தைரியசாலி என்று நினைப்பீர்கள். மெதுவாகப் போனால் திரும்பிவிடும் என்று எனக்குத் தெரியும்.

சிப்பாயின் முன்னால் போய்க் குனிந்தேன். மூக்கு முழங்காலில் இடிக்கும் வரை குனிந்தேன். பக்கத்தில் ஒரு மலாய்க்காரப் போலீஸ்காரர், மொழிபெயர்ப்புக்கு. அவரிடம் மலாயில், "பாஜு ஜாலான் டூலு, துவான்" என்றேன். சட்டை முதலில் போயிற்று, ஐயா. அதற்கு மேல் பரஸ்தானத்தை விளக்க மலாயில் எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. கெட்ட நேரம் ஒன்று உண்டு, அதில் கிளம்பக் கூடாது, ஆகவே கோட்டு கிளம்பியது, வண்டிக்காரருக்கு ஒன்றும் தெரியாது என்று உளறினேன்.

போலீஸ்காரர் எதையோ எப்படியோ சொன்னார். சிப்பாய் என்னைப் பார்த்தான். கோட்டைப் பார்த்தான். பிறகு ஒரு கேள்வி கேட்டான்.

போலீஸ்காரர் மலாயில் சொன்னார்: "அந்தக் கெட்ட நேரம் இப்போ இருக்கா, முடிஞ்சுதான்னு கேக்குறான்."

இந்த மாதிரிக் கேள்வியை என் எதிரியிடம்கூடக் கேட்கக் கூடாது. இருக்கிறது என்றால் தோக்கியோ கடிகாரம் பொய் என்று ஆகும். சுவரில் பழைய நேரம் வைத்திருந்ததற்கே அடி வாங்கியவர்கள் உண்டு. முடிந்தது என்றால்... பின்னால் மரத்தோரம் மீனாட்சி நிற்கிறாள்.

"தோக்கியோ நேரப்படி ஆறு மணிக்கே முடிஞ்சிருச்சு, துவான்" என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை.

சிப்பாயின் கையில் மூன்று கடிகாரங்கள் இருந்தன. மூன்றையும் வரிசையாகப் பார்த்தான். தலையாட்டினான். எனக்கு ஓர் அறை விட்டான். கல்லைக் கீழே போடச் சொல்லிவிட்டுப் பெருமாளுக்கும் ஒன்று. பாரபட்சம் இல்லை. கோட்டைத் தூக்கி என் மேல் எறிந்து, போ என்று கை காட்டினான். ஏழுக்கு இன்னும் கால் மணி இருந்தது.

மீனாட்சியும் குழந்தைகளும் வந்து வண்டியில் விறகின் மேல் ஏறிக்கொண்டார்கள். பெருமாளால் கையை மடக்க முடியவில்லை. மூக்கணாங்கயிற்றை நான் பிடித்தேன். மாடு எனக்குக் கீழ்ப்படியவில்லை. தன் வழியில் போயிற்று, நான் கூடப் போனேன். எதிரே லாரி வந்தது. காலியாக. எங்களைத் தாண்டிப் போயிற்று.

"பெருமாளு, மன்னிச்சிருங்க. தெரியாம நடந்துபோச்சு" என்றேன். மீனாட்சி மிச்சக் கிழங்கை அவர் வாயில் ஊட்டிவிட்டாள். மென்றார். எஸ்டேட் வாசல் வரைக்கும் மென்றார்.

அங்கே வந்துதான் வாயைத் திறந்தார்.

"கிராணி ஐயா, அடுத்த தடவ உங்க பயணத்த நீங்களே தூக்கிட்டுப் போங்கலா."