தகப்பன் கையெழுத்து

எங்கள் சந்தில் அவளைக் காஜாக்காரி என்றுதான் சொல்வோம். தையல் கடையில் சட்டையின் பட்டன் துளைக்குக் காஜா எடுப்பாள், பட்டன் கட்டுவாள். நாளைக்குப் பத்து, பன்னிரண்டு சட்டை. வாசலோரம் ஒரு ஸ்டூல், மடியில் சட்டை, பக்கத்தில் பட்டன் டப்பா. கடை மாஸ்டர் ஓயாமல் பேசுவார், ரேடியோவும் பேசும். அவள் மட்டும் வாயில் ஊசியைக் கவ்வியிருப்பாள்.

எதிரே என் பட்டறை. தையல் மிஷின் ரிப்பேர். ஏழு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தும் நாங்கள் பேசிக்கொண்டதை ஒரு பீடி பற்றவைத்து அணைப்பதற்குள் சொல்லி முடித்துவிடலாம். எனக்கும் பேச்சு வராது.

அவள் புருஷனுக்குக் கப்பலில் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை வருவான். மற்றபடி ஞாயிற்றுக்கிழமை ஃபோன். அவள் இருந்தது அவன் அண்ணன் வீட்டு மாடி அறையில். அவன் லீவுக்கு வந்து போன பிறகு அவள் முழுகாமல் இருந்தாள். மாஸ்டர் சந்து முழுக்க மிட்டாய் கொடுத்தார்.

ஆனால் மிட்டாய் தின்றவர்கள் மாதிரி அவள் முகம் இல்லை. தினமும் காலை ஒன்பது மணிக்கு பட்டன் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போவாள். சற்று நேரத்தில் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்கும். திரும்பி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு ஊசியை எடுப்பாள்.

"மசக்கையாம்மா, ஆறு மாசத்துலயுமா?" என்பார் மாஸ்டர்.

"சிலருக்கு அப்படித்தான் மாஸ்டர்."

அந்தச் சமயத்தில் நான் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு கமிட்டியில் இருந்தேன். சிரிக்காதீர்கள். மருந்து ஆராய்ச்சி எதுவானாலும், நோயாளிக்கு அது நியாயமா என்று முதலில் அந்தக் கமிட்டி பார்க்க வேண்டும். டாக்டரும் வக்கீலும் இல்லாத வெளியாள் ஒருவர் அதில் இருக்க வேண்டும் என்பது விதி. தன் வீட்டு மிஷினை நான் சரிசெய்து கொடுத்த பழக்கத்தில் ஒரு டாக்டரம்மா என்னை இழுத்துவிட்டார். "உங்களுக்குப் புரிஞ்சா எல்லாருக்கும் புரியும்" என்றார். அது பாராட்டா என்று இன்றுவரை தெரியாது.

ஒரு ஆராய்ச்சி வந்தது. எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளுக்கு ஒரு புது மாத்திரை. வயிற்றைப் பிரட்டாது. மற்றவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தாயிற்று. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. ஏனென்றால் பயந்துகொண்டு கர்ப்பிணிகளை எந்த ஆராய்ச்சியிலும் சேர்ப்பதில்லை. சேர்க்காததால் தெரியவில்லை, தெரியாததால் கொடுப்பதில்லை.

சம்மதப் படிவத்தில் தாய் கையெழுத்துப் போட ஒரு கோடு இருந்தது. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டேன்: "பிள்ளைக்குத் தகப்பன்னு ஒருத்தன் இருக்கான்ல? அவனைக் கேக்க வேண்டாமா?"

எல்லாரும் தலையாட்டினார்கள். இரண்டாவது கோடு வந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் சொல்லி ஒரு கோடு வந்துவிட்டது என்று அன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஒரு மாதம் கழிந்தது. மாஸ்டர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் காஜாக்காரி பட்டறைக்கு வந்தாள். கையோடு கொண்டுவந்த மிஷின் உறைக்குள் மடித்து வைத்திருந்த தாளை எடுத்து என் முன்னால் விரித்தாள். அதே படிவம்.

"அண்ணே, இந்தத் தகப்பன் கோட்டுல அவர் பேர்ல ஒரு கையெழுத்துப் போடுவீங்களா?"

"என்னது இது?"

"எனக்கு அந்த வியாதி இருக்குண்ணே. மாசமானதும் ரத்தம் பாத்ததுல தெரிஞ்சது." சட்டை அளவு சொல்வது போலச் சொன்னாள். "இப்பக் குடுக்கற மாத்திர வயித்துல நிக்கல. வாந்தியோட போயிடுது. மாத்திர நிக்காட்டி பிள்ளைக்கு ஒட்டிக்குமாம். புது மாத்திர நிக்கும்கறாங்க. ஏழு மாசம் முடியறதுக்குள்ள சேரணும்."

"புருஷன் கிட்ட..."

"யாருகிட்டருந்து யாருக்கு வந்ததுன்னு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனா அவர்கிட்ட வாயத் திறந்தா, அவங்க அண்ணன் வீட்டுல என்னைத்தான் குத்தம் சொல்லுவாங்க. அப்புறம் நான் எங்க போறது?"

"நான் எதுக்கு?"

"நீங்கதான் எதையும் கேக்க மாட்டீங்க." லேசாகச் சிரித்தாள். "இன்னிக்குத்தான் இவ்வளவு கேக்கறீங்க."

அந்தக் கோட்டைப் பார்த்தேன். போட்டவன் நான். அதை அவளிடம் சொல்லவில்லை. "பொய்க் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

தாளை மடித்தாள். "சரிண்ணே. மிஷின் மேலதான் உங்களுக்கு இரக்கம்."

அன்றே ஷட்டரை இறக்கிவிட்டு டாக்டரம்மாவிடம் ஓடினேன். ஆள் பெயர் சொல்லவில்லை. கோட்டை எடுக்கச் சொன்னேன். கமிட்டி கூடினால்தான் எடுக்க முடியும், அதற்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது என்றார். கத்தினேன். தண்ணீர் கொடுத்தார்.

ஐந்து வாரம் எதிரே அந்த வாந்திச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கமிட்டியில் எழுந்து, "நான் சொன்னது தப்பு" என்றேன்.

"நீங்கதானே போன தடவ அவ்வளவு அழுத்தமாச் சொன்னீங்க?" என்றார் ஒரு பேராசிரியர்.

"ஆமா சார். தகப்பனைப் பத்தி யோசிச்சேன். புருஷன் கிட்ட வாயத் திறந்தா தெருவுக்கு வர்றவளைப் பத்தி யோசிக்கல."

கோட்டை எடுத்துவிட்டார்கள். அதற்குள் காஜாக்காரிக்கு ஏழு மாதம் முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

டப்பாவில் பட்டன்களுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த பழைய மாத்திரையையே விழுங்கினாள். ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி போட வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாராம். துணிக்குக் குறி போடும் சாக்குக்கட்டியால், கடையின் பின்சுவரில் மணியை எழுதி வைப்பாள். மறுபடி போடுவாள். மறுபடி எழுதுவாள். போட்டாயா என்று கேட்க உலகத்தில் ஓர் ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் அவன் கேட்பது தெருவுக்கே கேட்கும்: "பிள்ள எப்படி இருக்கு?" நீ எப்படி இருக்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பெண் குழந்தை பிறந்தது. ஒன்றரை வயது வரை ரத்தம் எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். கடைசி முடிவு வந்த அன்று குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பட்டறை வாசலில் நின்றாள்.

"ஒண்ணும் இல்லையாம்ண்ணே." சொல்வதற்கு வேறு ஆள் இல்லாததால் என்னிடம் வந்தாள், அவ்வளவுதான்.

அப்போதுதான் சொன்னேன். கமிட்டி விஷயத்தை வெளியில் பேசமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். இருந்தும் சொன்னேன். கோடு என்னுடையது என்று.

குழந்தை என் ஸ்பேனரை எடுத்துக் கடித்தது. அவள் அதைப் பிடுங்கி மேஜையில் வைத்தாள்.

"எனக்குப் பின்னாடி வந்தவங்க?"

"ஒத்தக் கையெழுத்துல பதினோரு பேர் சேர்ந்திருக்காங்க."

போய்விட்டாள். இரண்டு மாதம் என் பக்கம் திரும்பவில்லை. மிஷின் பெல்ட் அறுந்தால்கூட மாஸ்டர்தான் கொண்டுவந்தார்.

பிறகு ஒரு காலை, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, வாயிலிருந்து ஊசியை எடுத்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணே, மணி என்ன?"

அவள் தலைக்கு மேலேயே கடை கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒம்பது" என்றேன்.

டப்பாவை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். மாத்திரை இப்போது வயிற்றில் நிற்கிறது. ஆனால் ஆயுசு முழுக்கப் போட வேண்டும்.

அன்றிலிருந்து தினமும் நானாகவே சத்தம் போடுகிறேன், "மணி ஒம்பது!" என்று. எனக்கு மூளை குழம்பிவிட்டதாக மாஸ்டர் சொல்லித் திரிகிறார். அவள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஊசியைச் சட்டையில் குத்திவிட்டு எழுந்து போகிறாள்.