நாயைத் திரிங்காப்பில் விட்டோம்

கணவர் இறந்த பிறகு வீட்டில் நான், எட்டு வயது மகள், அவர் வளர்த்த நாய் மட்டும்தான். எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லோரி ஓட்டியவர் அவர். ஒரு மழை நாளில் குட்டியாக இருந்த நாயைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். அவர் போனபின் அது மகளின் கட்டிலில் ஏறிப் படுக்கத் தொடங்கியது. நான் விரட்டவில்லை. அப்போது எதையும் செய்யத் தோன்றவில்லை.

மகளுக்கு இருமல் வந்தது. சளி என்றுதான் நினைத்தேன். ஒரு காலையில் பள்ளிச் சீருடையோடு கட்டில் விளிம்பில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் காரில் தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முகமூடி வைத்து மருந்தை ஆவியாக உள்ளே விட்டார்கள்.

அங்கிருந்த தமிழ்ப் பெண் டாக்டர் கேட்டார்.

"வீட்டுல நாய், பூனை இருக்கா அக்கா?"

"நாய் இருக்கு. இவகூடதான் படுக்கும்."

"நாயோட வளர்ற எல்லாப் பிள்ளைக்கும் இப்படி வராது. இவளுக்கு ஒத்துக்குதான்னு ரத்தம் எடுத்துப் பார்ப்போம்."

ஒத்துக்கொள்ளவில்லை என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. நாயின் உதிரும் தோலும் எச்சிலும் ஒரு காரணம். ஈரச் சுவரில் படரும் பூஞ்சணம் இன்னொன்று. வாயில் வைத்து உறிஞ்சும் மருந்து பம்ப்பை நிறுத்தக் கூடாது, முடிந்தால் நாயை வேறு யாரிடமாவது கொடுப்பது நல்லது என்றார்.

சுவரைத் தேய்த்துக் கழுவினேன். நாயை வெளியே கட்டினேன். குளிரில் அது கதவைப் பிராண்டியது. மகள் போர்வைக்குள் கண்ணைத் திறந்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருக்கும் என் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"கொண்டா லா, தோட்டத்துல கிடக்கட்டும்," என்றார்.

அவரே வேனில் வந்து நாயைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். மகள் முன் சீட்டில் என்னோடு உட்கார்ந்தாள்.

"அப்பா செத்தப்ப இது சாப்பிடாமக் கிடந்துச்சில்ல மா. இப்பவும் அப்படிக் கிடக்குமா?"

"கிடக்காது," என்றேன். எனக்குத் தெரியாது.

நாயைத் தோட்டத்தில் விட்டபோது நாங்கள் இருவருமே அழவில்லை. திரும்பும் வழியில் அண்ணன் சோளம் வாங்கிக் கொடுத்தார். சாப்பிட்டோம்.

மகளின் மூச்சு இழுப்பு மெல்லக் குறைந்தது. மழை பிடித்தால் வரும், பம்ப் அடித்தால் அடங்கும். ஓட்டப் போட்டியில் சேர்ந்திருக்கிறாள் என்று வகுப்பு டீச்சர் சொன்னபோது தலையாட்டினேன். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. யார் வீட்டுச் செய்தியோ போல இருந்தது.

பள்ளி விடுமுறையில் திரிங்காப்புக்குப் போனோம். செவ்வந்திப் பாத்திகளுக்கு நடுவே நாய் ஓடிவந்தது. உடம்பு பெருத்திருந்தது. மகள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு பின்வாங்கினாள். அண்ணன் அதன் கழுத்துப் பட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"மாமா, நீங்க தடவிக் குடுங்க. காதுக்குப் பின்னாடி. அங்கதான் அதுக்குப் பிடிக்கும்."

அவர் குந்தி உட்கார்ந்து தடவினார். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். மூச்சு சீராகத்தான் இருந்தது. நான் அதற்கு மேல் பார்க்காமல் போய் வேனில் உட்கார்ந்துகொண்டேன்.