தாமசிக்கும் என்று சொன்னவர்

மட்டாஞ்சேரிக்கு நாங்கள் குடிவந்த புதிது. வீட்டுக் கம்ப்யூட்டரில் மகள் புது சிஸ்டம் இறக்கினாள். அது பாதியில் நின்றுவிட்டது. நாலு மணிக்கு அவளுக்கு வேலைக்கான இன்டர்வியூ, அதே கம்ப்யூட்டரில்தான்.

பழுது பார்க்க ஒருவர் வந்தார். ஒல்லி ஆள். காதில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் செருகியிருந்தார். கடைசிவரை அதைக் கையில் எடுக்கவில்லை. திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"ஸ்தலமில்ல சேட்டா. கொறச்சு தாமசிக்கும்."

எனக்கு மலையாளம் அரைகுறை. தங்க இடமில்லாத மனிதர், நம்மோடு கொஞ்சம் தங்கப் பார்க்கிறார் என்று மனைவியிடம் சொன்னேன்.

"பாவங்க, இருந்துட்டுப் போகட்டும்" என்று அவள் பாய் விரித்துத் தலையணை போட்டாள்.

அவர் என் பழைய சினிமாக்களையெல்லாம் அழித்தார். ஒரு பட்டனை அமுக்கினார். பிறகு பாயில் படுத்துக் குறட்டை விட்டார்.

மூன்றரைக்குத் தானாக எழுந்தார். கம்ப்யூட்டரும் எழுந்திருந்தது.

"செரியாயி" என்று பாயைச் சுருட்டினார்.

"எத்தனை நாள் வேணும்னாலும் இருங்க" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

இன்டர்வியூ முடித்து வந்த மகள் நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "கம்ப்யூட்டர்ல இடமில்லப்பா. தாமசிக்கும்னா லேட்டாகும்னு அர்த்தம்."

சரி. அப்படியென்றால் அவர் ஏன் படுத்தார்?